வெனிஸ்ல ஒரு சாயங்காலம்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

குன்னூர்ல இருந்து எழுதறேன். தங்கச்சி இத்தாலில பதுவா யுனிவர்சிட்டில படிக்கிறா. வர்ற ஜூன்ல நானும் அம்மாவும் அவளைப் பார்க்கப் போறோம். பதுவால இருந்து வெனிஸ் ட்ரெயின்ல அரை மணி நேரம்தானாம், காலைல போய் எல்லாத்தையும் பார்த்துட்டு அஞ்சு மணிக்குத் திரும்பிடலாம்னு நான் பிளான் போட்டேன். தங்கச்சி என்னடான்னா சாயங்காலம்தான் நல்லாருக்கும்ங்கறா. அம்மாவுக்கு முட்டி வலி, சைவம் வேற. அந்நேரத்துல அங்க பார்க்க என்ன இருக்கு? கோண்டோலாங்கற துடுப்புப் படகுல ஏறலைன்னா வெனிஸ் போனதே வேஸ்ட்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க, நிஜமா? நீங்க போயிருக்கீங்கன்னு படிச்சேன், அதான் கேக்கறேன்.

குன்னூர் வாசகன்

அன்புள்ள தம்பி,

தங்கச்சி பேச்சைக் கேளுங்க. பிளானை அப்படியே திருப்பிப் போடுங்க, பகல்ல பதுவாவைப் பாருங்க, நாலு மணிக்கு மேல வெனிஸ்ல இறங்குங்க. ஜூன்ல அங்க பொழுது சாயவே ஒன்பது மணி ஆயிடும், வெளிச்சத்துக்குக் குறைச்சலே இருக்காது.

நீலகிரில இருக்கறவங்களுக்கு இதை ரொம்ப விளக்கத் தேவையில்ல. மே மாசம் ஃப்ளவர் ஷோ டைம்ல ஊட்டி சேரிங் கிராஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஒரு மருந்து வாங்கப் போனாலும் அரை நாள் போயிடும். அதே ஊட்டி, வந்த வண்டியெல்லாம் மலை இறங்கினதுக்கப்புறம், நம்ம ஆளுங்க ஸ்வெட்டரும் மஃப்ளருமா வர்க்கி வாங்கிட்டு, தெரிஞ்சவங்களைப் பார்த்து நின்னு பேசிட்டு இருக்கற அந்த ஊர், அது டூரிஸ்ட் கண்ணுல படறதே இல்ல. வெனிஸுக்கும் அதே கதைதான். காலைல வந்து சாயங்காலம் போறவங்க கூட்டம்தான் அந்த ஊரை அமுக்குது. அதுக்காக 2024 ஏப்ரல் 25ல இருந்து, சீசன்ல சில நாள் மட்டும், ராத்திரி தங்காம வந்து போறவங்ககிட்ட 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பிச்சாங்க. சரியா பன்னெண்டு நாள் கழிச்சு, மே 7ல இருந்து, நம்ம மலைக்கு வர்ற டூரிஸ்ட் வண்டிங்களுக்கு இ-பாஸ் வந்துச்சு. ரெண்டு ஊரும் ஒரே மாசத்துக்குள்ள ஒரே பிரச்சனைக்கு கேட் போட்டிருக்கு, எனக்கு இது மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. அந்தக் கட்டணம் காலை எட்டரைல இருந்து நாலு மணி வரைக்கும்தான், அதுக்கப்புறம் போனா கிடையாது. நீங்க போற வருஷம் எந்தெந்த நாள், எவ்வளவுன்னு மட்டும் தங்கச்சியைப் பார்த்து வைக்கச் சொல்லுங்க.

அம்மா முட்டிக்கு வருவோம். அந்த ஊர்ல நானூறுக்கு மேல பாலம், பெரும்பாலும் எல்லாத்துக்கும் படி. அதனால நடக்கற பிளானே வேண்டாம். ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தாலே எதிர்ல கிராண்ட் கெனால்ங்கற பெரிய கால்வாய், அங்கயே போட் பஸ் ஸ்டாப். அந்த போட்டுக்குப் பேரு வாபொரெட்டோ. ஒண்ணாம் நம்பர் போட்ல ஏறுங்க, கெனால் முழுக்க ஸ்டாப் ஸ்டாப்பா நின்னு மெதுவா போகும். 75 நிமிஷ டிக்கெட் ஒண்ணு 9.50 யூரோ, மூணு தடவை ஏறுவீங்க, அதனால 25 யூரோவுக்கு 24 மணி நேர பாஸ் எடுத்துட்டா லாபம். போட்ல முன்னாடியோ பின்னாடியோ திறந்த சீட் கிடைச்சா அம்மாவை அங்க உக்கார வெச்சிடுங்க.

அக்காடெமியா ஸ்டாப்புல இறங்குங்க. அங்கிருந்து மெதுவா பத்து நிமிஷம் நடந்தா, நடுவுல சின்னப் பாலம் ஒண்ணு ரெண்டு வரும், சான் திரொவாசோன்னு ஒரு சின்ன கால்வாய். அதோட அந்தக் கரையில கோண்டோலா செய்யற பட்டறை இருக்கு, 17ஆம் நூற்றாண்டுல இருந்து இருக்கறது. நான் உங்களை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்ததே இதைக் காட்டத்தான். சுத்தி எல்லாம் செங்கலும் கல்லுமா இருக்க, இது மட்டும் மர பால்கனி வெச்ச மலை வீடு. ஏன்னா அந்தத் தச்சருங்களும் மரமும் வந்தது வடக்க கதோரே மலையில இருந்து. மலையில வெட்டின மரத்தைத் தெப்பமா கட்டி பியாவே ஆத்துல விட்டுக் கீழ கொண்டு வந்தாங்க, அந்த மாதிரி வந்த மரத்தைச் சேத்துல தூணா அடிச்சு இறக்கி அதுமேலதான் வெனிஸே நிக்குது. மலைக்காரங்க நாம அந்தக் கரையில நின்னு பார்க்கும்போது அது வேற மாதிரி தெரியும் தம்பி, நம்ம மலையில இருந்து எவ்வளவு மரம் கீழ போயிருக்குன்னு தெரிஞ்சவங்கதானே நாம. பட்டறை வாசல்ல கோண்டோலாவைக் கவுத்துப் போட்டிருப்பாங்க, நல்லா உத்துப் பாருங்க, இடது பக்கம் வலது பக்கத்தை விட 24 சென்டிமீட்டர் அகலம் ஜாஸ்தி. ஒத்தைத் துடுப்பை ஒரே பக்கமா போட்டாலும் படகு வளைஞ்சு போகாம நேரா போறது அந்தக் கோணலாலதான்.

சாப்பாடும் அங்கயே. பட்டறைக்கு எதிர்க்கரையில, வெனிஸ்ல பாக்கரோன்னு சொல்ற ஒயின் கடை இருக்கு. சின்ன ரொட்டித் துண்டு மேல என்னென்னமோ வெச்சு கண்ணாடிப் பெட்டில அடுக்கியிருப்பாங்க, கை காட்டி வாங்கிட்டு வெளிய கால்வாய் சுவர் ஓரமா நின்னு சாப்பிட வேண்டியதுதான். வேலை முடிச்ச ஆளுங்க, காலேஜ் பசங்க, கையில சின்ன கிளாஸ் ஒயினோட தாத்தாக்கள்னு எல்லாரும் நிப்பாங்க. மீன் ஜாஸ்தி இருக்கும், வெள்ளையா க்ரீம் மாதிரி இருக்கறதைச் சீஸ்னு நினைச்சு அம்மாவுக்கு எடுத்துடாதீங்க, அது ஆலிவ் எண்ணெய் விட்டுக் கடைஞ்ச கருவாடு. "சென்சா கார்னே, சென்சா பேஷே"ன்னு சொல்லிடுங்க, கறி மீன் இல்லாததைக் காட்டுவாங்க. போலெந்தா வேற எங்கயாவது கிடைச்சா வாங்கிக் குடுங்க, மக்காச்சோளக் களிதான், அம்மாவுக்குப் பிடிக்கும். முக்கியமா, சான் மார்கோங்கற பெரிய சதுக்கம் பக்கம் தரையிலயோ படியிலயோ உக்காந்து சாப்பிடாதீங்க, ஃபைன் போடறாங்க.

அப்படியே அந்தக் கால்வாய் முடியற இடத்துக்கு வந்தீங்கன்னா ஜாத்தரேங்கற அகலமான கரை. ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து அம்மாவை பெஞ்சில உக்கார வெச்சிட்டு, பொழுது சாயற வரைக்கும் எங்கயும் போகாதீங்க. முன்னாடி எல்லாம் இந்தத் தண்ணியில பத்து மாடிக் கப்பல் போகும், 2021 ஆகஸ்ட்ல இருந்து பெரிய கப்பலுக்குத் தடை. சண்டை போட்டு வாங்கின தடை அது.

கோண்டோலா ஏறலைன்னா வேஸ்ட்டெல்லாம் இல்ல. முனிசிபாலிட்டி ரேட்டே பகல்ல அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, ஏழு மணிக்கு மேல 35 நிமிஷத்துக்கு 110. படகுக்குத்தான் இந்த ரேட், ஆளுக்கு இல்ல. அம்மா ஆசைப்பட்டா யோசிக்காம ஏறுங்க, ஆபீஸ்ல சொல்றதுக்காக ஏறாதீங்க. துடுப்புப் படகு ஆசை மட்டும்னா திராகெட்டோன்னு ஒண்ணு இருக்கு, கிராண்ட் கெனாலை இக்கரையில இருந்து அக்கரைக்குக் கடக்கற பொதுப் படகு, 2 யூரோ. இருட்டறதுக்குள்ள நிறுத்திடுவாங்க.

இருட்டினதும் மறுபடி அக்காடெமியால ஒண்ணாம் நம்பர் பிடிச்சு சான் மார்கோ போங்க. 1720ல இருந்து நடக்கற ஃப்ளோரியன் காபிக் கடை உட்பட அந்தச் சதுக்கத்துல கடைக்குக் கடை ஆளுங்க வயலின் வாசிப்பாங்க. உக்காந்தா பாட்டுக்குன்னு தனி பில், நின்னு கேட்டா ஃப்ரீ. திரும்பும்போதும் அதே போட்தான், அப்பதான் மேல் மாடி ஜன்னல்ல எல்லாம் விளக்கு எரியும், சித்திரம் போட்ட உத்தரம், தொங்கற கண்ணாடி விளக்கு எல்லாம் தண்ணியில இருந்தே தெரியும். ஆனா எவ்வளவு ஜன்னல் இருட்டா இருக்குன்னும் பாருங்க. 1951ல வெனிஸ் தீவுல ஒண்ணே முக்கால் லட்சம் பேர் இருந்தாங்க, இப்ப அம்பதாயிரத்துக்கும் கீழ. ரியால்டோ பாலம் பக்கத்துல ஒரு மருந்துக் கடை ஜன்னல்ல, மிச்சம் இருக்கற ஜனத்தொகையை நம்பர் போர்டா வெச்சிருக்காங்க. வாடகை தாங்காம, தீவுக்கு எதிர்ல தரைப்பக்கம் இருக்கற மெஸ்த்ரேல குடியிருந்துட்டு வேலைக்கு மட்டும் தீவுக்கு வர்றவங்கதான் நிறைய. நம்ம கிளாஸ்மேட்ல எத்தனை பேர் கோயம்புத்தூர் இறங்கிட்டாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இ-பாஸ் கூட்டத்தைத்தான் எண்ணும், ஊர்க்காரங்களை ஊர்ல பிடிச்சு வைக்க அது போதாது, அங்க அந்த 5 யூரோவும் போதாதுங்கறதுதான் என் எண்ணம்.

பதுவாவுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேலயும் ட்ரெயின் இருக்கு, கடைசி ட்ரெயின் டைமை மட்டும் முன்னாடியே பார்த்து வெச்சுக்கோங்க. பொதுக் கழிப்பறை நிறைய சாயங்காலமே பூட்டிடுவாங்க, அதனால அம்மாவுக்கு அந்த ஒயின் கடையிலயே ஒரு தடவை கேட்டுக்கோங்க. தண்ணி ஓரம் காத்து அடிக்கும், குன்னூர்ல போடற மெல்லிசு ஸ்வெட்டர் ஒண்ணு போதும். போய்ட்டு வந்து எழுதுங்க, தங்கச்சியை ரொம்ப விசாரிச்சதா சொல்லுங்க.

அன்புடன்,
கோத்தகிரில இருந்து அண்ணன்