புழுதிக்குத் தண்ணீர் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டித்தான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து மண் ரோடு போகிறது. டிப்பர் லாரி போனால் சோற்றுத் தட்டு வரை புழுதி. காலை, மாலை டேங்கரில் தண்ணீர் அடிக்கிறார்கள்; வெயில் ஏறியதும் பழைய கதைதான். வேறு வழி இல்லையா?
- ஒரு வாசகி, அரியலூர் மாவட்டம்

பதில்: இருக்கிறதம்மா. சுரங்க ரோடு பராமரிப்பிலேயே வேலை பார்த்தவன் நான். முதலில் சரிசெய்ய வேண்டியது ரோட்டை, தண்ணீர் அப்புறம்தான்.

லாரித் தடத்தில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மைதா மாதிரி வழுக்கினால் அதுதான் பறக்கிறது. லோடிலிருந்து சிந்தும் கல்லை டயர்கள் அரைத்து அரைத்து மாவாக்கிவிடுகின்றன. அதன் மேல் தண்ணீரைக் கொட்டினால் சகதியாகி, டயரில் ஒட்டி ஊருக்குள் வந்து, காய்ந்து மறுபடி பறக்கும். அந்த மாவை கிரேடர் (ரோட்டைச் சீவிச் சமன்செய்யும் வண்டி) வைத்து வழித்து அப்புறப்படுத்த வேண்டும். பிறகு களிமண் கலந்த நல்ல கிராவலைப் பரப்பி, நனைத்து, ரோலர் ஓட்ட வேண்டும். மழைநீர் வடிய ரோட்டின் நடுப்பகுதி சற்று மேடாக இருக்கட்டும். சிந்திய கல்லை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். லோடை லாரித் தொட்டியின் விளிம்புக்கு மேல் ஏற்றாமல் தார்ப்பாய் கட்டினால் சிந்துவதே குறையும்.

இதற்குப் பிறகு அடிக்கும் தண்ணீர்தான் பலன் தரும். அதையும் லேசாக, அடிக்கடி தெளிக்க வேண்டும். சித்திரை வெயிலுக்கு இரண்டு வேளை எந்த மூலைக்கு?

வேகத்தைக் குறைத்தால் புழுதி கண்ணெதிரே அடங்கும். ஆனால் நடைக் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு டிரைவரை மெதுவாகப் போகச் சொல்வது நியாயமில்லை. நிர்வாகம்தான் அந்தக் கணக்கை மாற்ற வேண்டும்.

கால்சியம் குளோரைடு தெளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். காற்றின் ஈரத்தை இழுத்து மண்ணைப் பிடித்துவைக்கும், உண்மைதான். ஆனால் அது உப்பு. மழையில் கரைந்து கிணற்றுக்கும் வயலுக்கும் போகும். உங்கள் ஊருக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அனுமதி நகலைப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அதை உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். புழுதியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகள் அதில் இருக்கும். அந்த நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிர்வாகம் தரும் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளரிடம் ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு கொடுங்கள். பி.எம்.10 என்கிற நுண்தூசி, 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மழை பெய்த மறுநாள் அளந்துவிட்டுப் போனால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லாரி ஓடுகிற, காற்று ஊர்ப்பக்கம் அடிக்கிற கோடை நாளில் உங்கள் தெருவிலேயே கருவியை வைக்கச் சொல்லுங்கள்.