‘இயற்கைக் கல்’ என்று அட்டை சொன்னால் போதுமா?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: “மகள் கல்யாணத்துக்குக் கனக புஷ்பராகத்தில், அதாவது மஞ்சள் சஃபையரில், ஒரு மோதிரம் செய்ய நினைக்கிறோம். கோயிலில் பழக்கமான ஒருவர் 4.12 கேரட் கல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல பொன்மஞ்சள், உள்ளே ஒரு புள்ளிகூட இல்லை. இலங்கை ரத்தினபுரியில் தனக்கு நேரடி ஆள் இருப்பதால் கடை விலையில் பாதிக்கு, 4,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருவதாகச் சொல்கிறார். ‘இயற்கைக் கல்’ என்று போட்ட அட்டையும் கூடவே இருக்கிறது. நிறத்துக்காகச் சூடு காட்டாத கல்தான் எங்களுக்கு வேண்டும். வாங்கலாமா?”

இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள் அம்மா.

முதலில் அந்த அட்டை. ‘இயற்கை’ என்றால் அது மண்ணில் இருந்து வந்த கல், கண்ணாடியோ தொழிற்சாலைக் கல்லோ இல்லை என்பது மட்டும்தான். பச்சரிசியும் நெல்தான், புழுங்கலரிசியும் நெல்தான். அவித்தார்களா என்பதற்கு ‘நெல்’ என்ற சொல்லில் பதில் இல்லை, சூடு காட்டினார்களா என்பதற்கு ‘இயற்கை’ என்ற சொல்லிலும் இல்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் இலங்கைக்குப் போய், யாரும் சீந்தாத பால் நிறக் கற்களை மூட்டை மூட்டையாக வாங்கி, 1,500 டிகிரிக்கு மேல் உலையில் வைத்து நல்ல நீலமாக எடுத்தார்கள். இன்று கடைகளில் இருக்கும் நீலம், புஷ்பராகம் பெரும்பாலானவை உலை பார்த்தவை. சொல்லி விற்றால் அதில் தப்பில்லை, நிறமும் நிலைக்கும். சொல்லாமல் விற்பதுதான் என் கோபம்.

உங்கள் கல்லில் எனக்கு இருக்கும் சந்தேகம் அதைவிடப் பெரியது. சூடு காட்டாத இலங்கைப் புஷ்பராகம் பொதுவாக வெளிர் எலுமிச்சை நிறத்தில்தான் இருக்கும். அழுத்தமான பொன்மஞ்சள் இயற்கையிலேயே கிடைக்காமல் இல்லை, ஆனால் அரிது, அதனால் விலையும் அதிகம். நாலு கேரட், பொன்மஞ்சள், சுத்தமான கல், பாதி விலை, நாலும் ஒரே கல்லில் வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பெரிலியம் என்ற தனிமம். 2001, 2002 வாக்கில் தாய்லாந்தின் சந்தபுரியில் இருந்து வந்த கற்களில் இந்த வேலை வெளிப்பட்டது. மங்கிய கல்லைப் பெரிலியம் கலந்த பொடியோடு சேர்த்து 1,700 டிகிரிக்கு மேல் வேகவைத்தால், அது உள்ளே ஊறி மஞ்சளோ ஆரஞ்சோ ஆக்கிவிடும். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் இது பல சமயம் பிடிபடாது. லேசரால் துளி எடுத்து அளக்கும் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரம் இல்லாத ஆய்வுக்கூடம் கொடுக்கும் அட்டை இந்தக் கேள்விக்கு உதவாது.

அடுத்து, அந்த ‘நேரடி ஆள்’. ரத்தினபுரியில் நல்ல கல் ஒன்று வெளியே வந்தால் பேங்காக், ஹாங்காங் வியாபாரிகள் அன்று மாலையே அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எல்லாரையும் தாண்டி, செந்தூலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பாதி விலையில் கல் வருகிறது என்றால் யாருக்கோ தர்ம சிந்தனை அதிகம். இன்னொன்று, ரத்தினபுரியில் வாங்கியது என்பதால் மட்டும் அது சூடு காட்டாத கல் ஆகிவிடாது. உலை அங்கேயும் உண்டு, சுரங்கத்துப் பக்கத்திலேயே செயற்கைக் கல் விற்பவர்களும் உண்டு. கண்டிக்குச் சுற்றுலா போனால் ஆட்டோக்காரர் எந்தக் கடையில் இறக்கிவிடுகிறாரோ அந்தக் கடையில் அவருக்குப் பங்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் சில ஜோதிடர்கள் அதே ஆட்டோதான் ஓட்டுகிறார்கள். எந்தக் கல் போட வேண்டும் என்று அவர் சொல்லட்டும், எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பாட்டி காலத்துக் கல் என்றாலும் இதே கதைதான். செயற்கைக் கல் செய்யும் முறையை வெர்னுயி என்ற பிரெஞ்சுக்காரர் அறிவித்த வருடம் 1902. ஆகவே உங்கள் பாட்டியே செயற்கைக் கல் வாங்கியிருக்கலாம், பாவம். பாலில் போட்டால் பால் நிறம் மாறும், ஊதினால் ஆவி நிற்காது என்ற சோதனைகளை எல்லாம் மறந்துவிடுங்கள். செயற்கைக் கல்லும் அதே பொருளால் ஆனதுதான், கண்ணாடியைக் கீறிக் காட்டுங்கள் என்றால் அதுவும் கீறும்.

“உள்ளே பட்டு இழை இருக்கிறது, அப்படியானால் சூடு காட்டாதது” என்று ஒருவர் லூப்பை, அதாவது பெரிதாக்கிக் காட்டும் சிறு கண்ணாடியை, கையில் கொடுப்பார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் தெரிந்தவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பட்டு என்பது கல்லுக்குள் 60 டிகிரி கோணத்தில் ஒன்றை ஒன்று வெட்டிப் போகும் மெல்லிய ஊசிகள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் சிலந்தி நூல்போல மின்னும். உலையின் பெரிய சூட்டில் இந்த ஊசிகள் கரைந்து உடைந்து புள்ளி புள்ளியாகிவிடும். ஆகவே முழு ஊசிகள் தெரிந்தால் பெரிய சூடு படவில்லை என்று நம்பலாம். ஆனால் 1,000 டிகிரிக்குக் கீழே இளஞ்சூடு காட்டினால் ஊசிகள் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் திருந்திவிடும். இளஞ்சிவப்புக் கற்களில் இது சர்வ சாதாரணம். மறுபக்கம், பட்டே இல்லாத கல் எல்லாம் சூடு காட்டியது என்றும் ஆகாது, பிறவியிலேயே சுத்தமான கற்கள் உண்டு. ஆக, பட்டு ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை.

சரி, என்னதான் செய்வது? கல்லைப் பேங்காக்கில் உள்ள ஜிஐஏ அல்லது லோட்டஸ் ஜெமாலஜி மாதிரியான கூடத்துக்கு அனுப்பி, உங்கள் பெயரில் அறிக்கை வாங்குங்கள். சூடு பகுதியில் ‘நோ இண்டிகேஷன்ஸ் ஆஃப் ஹீட்டிங்’ என்று இருக்க வேண்டும். சூடு காட்டிய அடையாளம் இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்த இடத்தில் ‘நேச்சுரல்’ என்று மட்டும் இருந்தால் நீங்கள் ஏற்கனவே பார்த்த அட்டைதான் அது. விற்பவர் “அறிக்கை எங்களிடமே இருக்கிறது” என்றால், அறிக்கையின் எண்ணை இணையத்தில் தட்டிப் பாருங்கள், அதோடு நிற்காமல் கல்லை அளக்கவும் செய்யுங்கள். பினாங்கில் லெபோ பாசாரில் என் மேசைக்கு ஒருவர் கொண்டுவந்த கல்லுக்கு உண்மையான அறிக்கையே இருந்தது. எண் சரி, எடையும் சரி. அறிக்கையில் நீளம் 9.42 மில்லிமீட்டர். என் அளவுகோலில் 9.18. நல்ல கல்லின் காகிதத்தை அதே எடையுள்ள வேறு கல்லோடு சேர்த்து விற்றிருக்கிறார்கள். கால் மில்லிமீட்டர் வித்தியாசம், யார் அளக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

மலேசியாவில் ஒரு கிராம் தங்கம் வாங்கினால் 916 முத்திரை, அன்றைய விலை, கூலி எல்லாம் ரசீதில் தனித்தனியாக வரும். அதே ரசீதில் ஐயாயிரம் வெள்ளிக் கல் ‘மஞ்சள் கல் 1’ என்று வரும், யாருக்கும் அது உறுத்துவதில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம். ஆனால் ‘மஞ்சள் கல் 1’ என்ற ரசீதை வைத்துக்கொண்டு அங்கே என்ன வாதாடுவது? கோயில் அண்ணனிடம் அந்த ரசீதும் கிடைக்காது. அதனால் கடையில் வாங்குங்கள். ‘சூடு காட்டாத இயற்கைச் சஃபையர், இத்தனை கேரட், ஆய்வில் வேறாக வந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்று ரசீதிலேயே எழுதி, முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் உங்களுக்குக் கல் இல்லை.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கடை விளக்கை நம்ப வேண்டாம், அதன் மஞ்சளில் எந்தக் கல்லும் மஞ்சள்தான். கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதைக்குக் கொண்டுபோய், வெயில் நேராகப் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் கல்லை நாளிதழ் மேல் கவிழ்க்காமல் வைத்து நேர் மேலே இருந்து பாருங்கள். நடுவில் எழுத்து படிக்கக் கிடைத்தால் பட்டை தட்டையாக விழுந்திருக்கிறது, போட்ட பிறகு நடுவில் ஓட்டை மாதிரி தெரியும். அடிவயிறு பருத்த கல்லையும் தள்ளிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எடைக்குக் காசு கொடுப்பீர்கள், மோதிரமும் விரலில் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மோதிரம் கட்டும் பத்தரிடம் ஒன்று சொல்லுங்கள். நெருப்பு வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் கல்லைப் பதிக்க வேண்டும், பிறகு மோதிரத்தைப் பெரிதாக்கினாலும் கல்லைக் கழற்றிவிட்டே ஊத வேண்டும். வைரத்துக்குப் பூசுவதுபோல வெண்காரமோ போரிக் பவுடரோ பூசிச் சூடு காட்டினால் சஃபையரின் மேல்பரப்பை அது அரித்துவிடும். சூடு காட்டாத கல்லுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பட்டறையில் வைத்துச் சூடு காட்டிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.