ஆயுள் உத்தரவாத ஸ்பேனரை நம்பலாமா?

கேள்வி: அண்ணாச்சி, வயல் மோட்டாரையும் பைக்கையும் நானேதான் கழற்றி மாட்டுவேன். மலிவாக வாங்கிய ஸ்பேனர் செட் ஆறே மாதத்தில் வாய் விரிந்துவிட்டது. ‘லைஃப்டைம் வாரண்டி’ செட் மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வாங்குங்க தம்பி, ஆனால் வாரண்டியைப் பார்த்து வாங்காமல் இரும்பைப் பார்த்து வாங்குங்க. ஆயுள் உத்தரவாதம் என்பது பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். தேய்ந்தது, துருப்பிடித்தது, பைப் மாட்டி நெம்பி உடைந்தது எதற்கும் மாற்றித் தரமாட்டார்கள். எனக்கு 19 மி.மீ. ரிங் ஸ்பேனர் ஒன்று சாதாரணமாகத் திருகும்போதே விரிசல் விட்டது, நியாயமாக மாற்றித் தர வேண்டியது, ஆனால் பாளையங்கோட்டை கடையில் பில்லை நீட்டினால் எழுத்தெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத்தாள்! அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால் வாங்கிய அன்றே பில்லை போட்டோ எடுத்து வையுங்க.

அப்புறம், முழு செட் எதற்கு? உங்கள் வேலைக்கு அடிக்கடி தேவைப்படும் 10, 12, 14, 17 அளவுகளை மட்டும் நல்லதாக எடுங்க. ‘குரோம் வனேடியம்’ (உறுதியான எஃகு வகை) என்று பொறித்திருக்கிறதா பாருங்க. இறுகிய நட்டுக்கு ரிங் ஸ்பேனர்தான் சரி, அது ஆறு முனையையும் பிடிக்கும், திறந்த வாய் ஸ்பேனர் இரண்டு பக்கத்தைத்தான் பிடிக்கும். கடைக்குப் போகும்போது பழைய போல்ட் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், மாட்டி ஆட்டிப் பாருங்க. லொடலொடவென்று ஆடினால் எந்த வாரண்டி இருந்தாலும் வேண்டாம்.