எர்ஹூ என்ற சீன வில் வாத்தியத்துக்குக் கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வாத்தியம் வாசிக்கும் படைப்பு) எழுத, வயலினுக்கு எழுதத் தெரிந்தால் போதாதா?

போதாது. வயலின் பகுதியை அப்படியே எர்ஹூ தலையில் கட்டுவதுதான் இதில் அதிகம் நடக்கிற தவறு. நீங்களும் வயலின் வழியாகத்தான் வருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எர்ஹூவில் இரண்டே தந்தி. உள் தந்தி, பியானோவின் நடு ஸி-க்கு மேலுள்ள டி ஸ்வரம். வெளித் தந்தி அதற்கு மேல் ஏ. நம் கணக்கில் ச-ப. வில்லின் குதிரைமுடி இரண்டு தந்திக்கும் நடுவே நிரந்தரமாக மாட்டியிருக்கும். வலக்கை விரலால் முடியைத் தன் பக்கம் இழுத்தால் உள் தந்தி, வெளியே தள்ளினால் வெளித் தந்தி. அதனால் தந்தி மாற்றுவது சுலபம், கை தூக்கவே வேண்டாம். ஆனால் மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகள், அந்த ஸ்வரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்து வயலினின் நான்கு தந்தியில் பாயும் ஆர்பெஜியோ எல்லாம் மறந்துவிடுங்கள்.

வழக்கமான சுருதியில் அந்த டி-க்குக் கீழே ஒன்றும் இல்லை. மெட்டு அதற்குக் கீழே இறங்கினால் வாசிப்பவர் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) ஏற்றுவார், இசைவாக்கியம் நடுவில் உடையும். மேலே இரண்டரை ஆக்டேவ் வரை நிம்மதி. அதற்கு மேல் விரல்கள் நெருங்கி இடிக்கும், ஒலியும் மெலியும். விரல்பலகை கிடையாது, விரல் தந்தியை மட்டுமே தொடும். பெரிய தாவலுக்கு முன் ஒரு வெறுந்தந்தி (விரல் வைக்காத தந்தி) ஸ்வரமோ, மூச்சளவு இடைவெளியோ கொடுங்கள். டி, ஜி, எஃப் மேஜர் ஸ்கேல்கள் கைக்கு இதம். டி ஃபிளாட் மேஜரில் டி-யும் ஏ-யும் இல்லை, அதனால் வெறுந்தந்தி இரண்டுமே பயன்படாது.

வயலின் கான்செர்ட்டோக்களையே எர்ஹூவில் வாசிக்கிறார்களே என்று சண்டைக்கு வருவார்கள். வாசிக்கிறார்கள்தான், ஆனால் கார்டுகளை வெட்டி, ஆக்டேவ்களை மாற்றி. அந்த வேலை செய்பவர்களின் பெயரைக்கூட நிகழ்ச்சித் தாளில் போடுவதில்லை. எர்ஹூவையே 'சீன வயலின்' என்று அச்சடிக்கிறார்கள். இது எனக்கு ஆறாத கோபம்.

ஆர்கெஸ்ட்ராவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எர்ஹூவின் ஒலிப்பெட்டியில் போர்த்திய மலைப்பாம்புத் தோலிலிருந்து வரும் ஒலி சற்று மூக்கடைத்தது, தனித்துக் கேட்கும். ஆனாலும் பதினாறு வயலின்கள் அதே ஆக்டேவில் வாசித்தால் அமுங்கிவிடும். ஓபோ என்ற குழல் வாத்தியமும் அதே ஒலிநிறம், அதே ஸ்தாயி, இரண்டும் மோதும். துணையைச் செலோ, வயோலாவில் கீழே வையுங்கள். வயலின் கூட்டமும் பித்தளைக் குழல்களும் எர்ஹூ ஓயும் இடத்தில் வரட்டும். லியூ வென்ஜின் எழுதி, 1982-இல் எர்ஹூக் கலைஞர் மின் ஹுய்ஃபென் அரங்கேற்றிய பெருஞ்சுவர் கான்செர்ட்டோவின் ஸ்கோரை (முழு இசைக்குறிப்பை) இந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை வழுக்கிப் போகும் வழுக்கல்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டாம், வாசிப்பவர் தானே சேர்ப்பார். வேண்டாத இடத்தில் மட்டும் 'வழுக்காமல்' என்று குறியுங்கள். ஈரப்பதத்துக்குத் தோல் இளகும், சுருதி நகரும். எல்லாப் பகுதிகளையும் இடைவெளியில்லாமல் ஒட்டிவிடாதீர்கள். சுருதி சேர்க்க அரை நிமிடமாவது விடுங்கள்.