வேன் ஓரிடம், கால் ஓரிடம்

கேள்வி: எனக்கு வயது 52. லெஸ்டரில் ஒரு பள்ளியில் 19 ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். போன கோடையில் ஒரு தோழியோடு பீக் டிஸ்ட்ரிக்டில் நான்கு நாட்கள் நடந்தேன். அன்றிலிருந்து மனம் வகுப்பறையில் நிற்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, சேமிப்பில் ஒரு கேம்பர் வேன் வாங்கி, பிரிட்டனின் நெடுந்தூர நடைபாதைகளை ஒவ்வொன்றாக நடந்து முடிக்க ஆசை. கணவருக்கு முழங்கால் வலி, நடக்க மாட்டார். வண்டி ஓட்டுவதென்றால் உயிர். ஊரிலிருக்கும் அக்காவோ, "வீடு வாசல் இருக்கும்போது வண்டியில் போய்க் குடியிருப்பதா?" என்கிறார். வேலையை விடலாமா? இன்னொன்று, கணவருக்கு ராத்திரி சோறு இல்லாவிட்டால் ஆகாது. வேனில் குக்கர் வைக்கலாமா?

– ஒரு கணித ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நானும் இங்கிலாந்துப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் தொண்டை வற்றக் கத்தியவள்தான். ஒரு பழைய டீசல் கேம்பர் வேனை ஒன்பது ஆண்டுகளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கிறேன். அக்காவை விடுங்கள். ஒரு கோடையில் அவரை வரவழைத்து, ஏதாவது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்துவைத்து ஒரு டம்ளர் காபி கொடுங்கள். பேச்சு மாறிவிடும்.

கவனிக்க வேண்டியது வேறு. ஓர் ஆசை என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையில் இரண்டு ஆசைகள். நெடுநடை ஒன்று, வேன் வாழ்க்கை மற்றொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை போல இருக்கும். ஒரே வீட்டில் வைத்துப் பாருங்கள், மாமியார் மருமகள்.

பென்னைன் வேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-இல் திறந்தது, இங்கிலாந்தின் முதல் தேசிய நடைபாதை. ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டி கர்க் யெட்டமில் முடிகிறது, 431 கிலோமீட்டர். பாதை போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. வேனோ நிறுத்திய இடத்திலேயே நிற்கும். முதல் நாள் மாலையில் உங்களுக்கும் உங்கள் படுக்கைக்கும் இடையே 25 கிலோமீட்டர். வேன் வாங்கிய முதல் வருடம் இது எனக்கு உறைக்கவில்லை. ஒரு பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் களத்தில் வண்டியை நிறுத்தி, மூன்று நாட்கள் நடந்தேன். இரண்டாம் நாளிலிருந்து கண்ணில் மலை இல்லை, ஃபிரிட்ஜை அணைத்தேனா என்ற ஒரே யோசனை. இரண்டு பஸ், ஒரு டாக்சி பிடித்துத் திரும்பி வந்தால், அணைக்கவில்லை. பேட்டரி செத்துப்போய், பால் தயிராகி, தயிர் வேறெதுவோ ஆகியிருந்தது.

சட்டம்கூட இவை இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்கிறவர் பெரும்பாலான திறந்த நிலங்களில் நடக்கலாம், கூடாரமும் அடிக்கலாம். அந்த உரிமை காலுக்குத்தான், சக்கரத்துக்கு இல்லை. வேனுக்கு முகாம் மைதானமோ, இரவு தங்க அனுமதியுள்ள இடமோ வேண்டும். இங்கிலாந்தில், டார்ட்மூர் என்னும் மேட்டுப் புல்வெளியின் பொதுநிலங்களைத் தவிர, கூடாரத்துக்கே நில உரிமையாளரின் சம்மதம் தேவை.

ஆனால் உங்களுக்கு வாய்த்திருப்பது எனக்கு வாய்க்காத ஒன்று: வண்டி ஓட்டப் பிரியப்படும் கணவர். காலையில் இறக்கிவிட்டு மாலையில் பாதையின் மறுமுனையில் காத்திருந்தால் மாமியார் மருமகள் சண்டையே இல்லை. ஒன்றை மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். நீங்கள் நடக்கும் ஏழு மணி நேரம் அவர் என்ன செய்வார்? முதல் வாரம் பேப்பர் படிப்பார், தூங்குவார். இரண்டாம் வாரம், "இன்னும் எத்தனை நாள்?" என்று ஆரம்பிப்பார். மீன் பிடிப்பது, பழைய ரயில்கள், தேவாலயங்கள், எதுவாயினும் அவருக்கென்று ஒரு கிறுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒவ்வொரு மேட்டிலும் கடிகாரம் பார்த்துக்கொண்டுதான் நடப்பீர்கள்.

அவர் வராத நாட்களுக்காக, வண்டியை ஒரே இடத்தில் விட்டுவிட்டு நடக்கத் தோதான பாதைகளை முதலில் எடுங்கள். என் தேர்வு ஹேட்ரியன் சுவர்ப் பாதை. நியூகாசில் அருகே வால்ஸெண்டிலிருந்து பௌனஸ்-ஆன்-சால்வே வரை 135 கிலோமீட்டர். மே மாத அரைப்பருவ விடுமுறையின் ஒரு வாரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். சுவரின் நடுப்பகுதியில் ஒரு பஸ் ஓடுகிறது; அதன் எண் ஏடி 122. ரோமப் பேரரசன் சுவரைக் கட்டத் தொடங்கிய ஆண்டையே பஸ்ஸுக்கு எண்ணாக வைத்த குறும்பு யாருடையதோ! மற்ற இடங்களுக்கு நியூகாசில்–கார்லைல் ரயில் பக்கத்திலேயே போகிறது. சிக்கமோர் கேப் பள்ளத்தில் சற்று நில்லுங்கள். அங்கே தனியாக நின்ற புகழ்பெற்ற சிக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் ஓர் இரவில் அறுத்துத் தள்ளினார்கள். மறு வருடமே அடிக்கட்டை துளிர்த்தது.

ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலண்ட் வே 154 கிலோமீட்டர். அதற்கும் ரயில் வசதி உண்டு. வேனைப் பாதையின் வடமுனையான ஃபோர்ட் வில்லியமில் விட்டுவிட்டு ரயிலில் தெற்கே போய், வேனை நோக்கியே நடந்து வரலாம். தினமும் வேன் கிட்டே வருகிறது என்பதே ஒரு தெம்பு. ஆனால் ஆசிரியர்களுக்கு விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில்தான் அங்கே மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சியின் ராஜ்ஜியம். கொசுவைவிடச் சிறியது, கூட்டமாக வந்து மூக்கு, காது பாராமல் கடிக்கும். தலைக்கு வலை இல்லாமல் போகாதீர்கள்.

கணக்கு டீச்சருக்கு ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 20 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற்றமிருந்தால் ஐந்தரை மணி. சாப்பாடு, இளைப்பாறல், வழி தவறுவது எதுவும் இதில் சேராது. தென்மேற்குக் கடலோரப் பாதையைக் கடற்கரைதானே என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதன் நீளம் 1,014 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் ஏறத்தாழ 35,000 மீட்டர். ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி ஏற வேண்டும். ஆறு வாரக் கோடை விடுமுறையில் முடியாது. துண்டு துண்டாகத்தான் ஆகும்.

இப்போது வேலை. விடாதீர்கள் என்று சொல்லவில்லை. இந்த ஆண்டு விடாதீர்கள் என்கிறேன். நான்கு நாள் நடையில் எல்லோருக்கும் சிறகு முளைக்கும். பத்தாவது நாள் ஈரக் காலுறையை மறுபடி மாட்டும்போதுதான் தெரியும் நமக்கு இது பிடிக்கிறதா என்று. அதனால் இந்த ஆண்டு வேன் வாங்கவும் வேண்டாம். பிப்ரவரி விடுமுறையில், நல்ல குளிரில், ஒன்றை வாடகைக்கு எடுத்து இருவரும் ஐந்து இரவுகள் தூங்கிப் பாருங்கள். கழிவறைப் பெட்டியை யார் கொண்டுபோய்க் கொட்டுவது என்பதை அந்த ஐந்து நாளில் முடிவு செய்துவிட்டால் பாதிக் குடும்பப் பிரச்சினை தீர்ந்தது.

அப்படியும் ஆசை தங்கியிருந்தால், தேதியைப் பார்த்து ராஜினாமா எழுதுங்கள். வழக்கமான ஆசிரியர் ஒப்பந்தப்படி மே 31-க்குள் கொடுத்தால் ஆகஸ்ட் 31 வரை சம்பளம் உண்டு. கோடை விடுமுறை முழுதும் அதில் அடங்கும். உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படித்தானா என்று ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்தை உரிய வயதுக்கு முன்பே எடுத்தால் தொகை நிரந்தரமாகக் குறையும். நான் அதைத் தொடவில்லை. குளிர்காலத்தில் பதிலி ஆசிரியராக வேலை, வெயில் வந்ததும் பாதை என்று ஓட்டினேன். கணித ஆசிரியருக்கு இங்கே வேலை கிடைக்காமல் போகாது.

வண்டி வாங்கும்போது எடையைப் பாருங்கள். 1997 முதல் சாதாரணக் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் இத்தகைய டீசல் வண்டியை 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். அது ஆளும் சாமானும் சேர்ந்த எடை. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் 100 கிலோ அங்கேயே போயிற்று. கட்டில், அலமாரி என்று அழகாக இழைத்திருக்கும் வண்டிகளில் அரிசி மூட்டைக்கு இடம் மிஞ்சாது.

அரிசி என்றதும் குக்கர். வைக்கலாம், நானும் வைக்கிறேன். முதல் தடவை மழைக்குப் பயந்து எல்லாக் கதவையும் அடைத்துவிட்டுச் சோறும் ரசமும் வைத்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் சொட்டென்று ஒன்று விழுந்தது. விளக்கைப் போட்டால் கூரை முழுதும் முத்து முத்தாக நீர், துடைத்த துணியில் ரச வாசனை. அந்தப் போர்வை இன்றும் மிளகு மணக்கிறது. கூரைத் திறப்பைத் திறந்துவைத்து, கதவோரமாகச் சமையுங்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை அவசியம் மாட்டுங்கள். முகாம் மைதானத்தில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் பக்கத்து வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் முதல் விசிலுக்கு ஒருவர் தீயணைப்பானோடு ஓடிவந்தார்.