ஊமைகள் இல்லாத வீடு

கேள்வி: வி.எஸ். நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ (1961) நாவலில் வரும் பெண்கள் ஆணாதிக்கத்தின் ஊமைப் பலியாடுகள்தானே? இதைப் பின்காலனியப் பண்பாட்டு மோதலோடு எப்படிப் பொருத்துவது?
– முதுகலை மாணவி, திருநெல்வேலி

பதில்: ஊமையா? கதாநாயகன் பிஸ்வாஸின் மாமியார் வீடான துளசி குடும்பத்தில் ஒரே ஒரு பெண் ஊமையாக இருந்திருந்தால் நாவல் நூறு பக்கம் குறைந்திருக்கும். கரீபியன் தீவான டிரினிடாடில், அர்வாக்காஸ் என்ற ஊரில் அவர்களுடைய வீடு, ஹனுமான் ஹவுஸ். விதவைத் தாய், படை போல மகள்கள். பேசாத நேரத்தில் பாத்திரத்தை நங்கென்று வைப்பார்கள். தன் பிள்ளை முதுகில் ஒன்று வைத்து அக்காளுக்குச் சேதி அனுப்புவார்கள். திருமதி துளசி மயங்கி விழுவதுகூடப் பிரசங்கம்தான். ஊமைப் பலியாடு என்று உங்களுக்குக் கைடு எழுதியவர் நாவலைப் படிக்கவில்லை. கைடு எழுதுகிறவர்கள் படிப்பதில்லை என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஒரு பேராசிரியர் அதற்காக இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஊமை என்றால் அவரைச் சொல்லலாம்.

அந்த வீட்டில் வாயடைத்துக் கிடப்பவர்கள் மாப்பிள்ளைகள். எல்லோரும் வீட்டோடு மாப்பிள்ளைகள். பிஸ்வாஸ் துளசி கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வந்தவர். துளசி மகள்களில் ஒருத்தியான ஷாமாவிடம் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். அதற்குத் தண்டனையாக மருமகனாக்கிவிட்டார்கள். சாப்பாட்டை ஜன்னல் வழியே வீசினால் அது இளைய மச்சான் மேல் விழுகிறது. சகலை கோவிந்த் கையால் உதை. மூத்த மகள் சவிக்குப் பெயர் வைத்ததும் வீட்டுப் பெரியவர்களே. பாவம், தகப்பனார் பிறப்புச் சான்றிதழில் ‘உண்மையான பெயர் லட்சுமி’ என்று கிறுக்கிக் கையெழுத்துப் போடுகிறார். யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

சான்றிதழ் என்றதும் சோனி ராமதீன் ஞாபகம் வருகிறார். கரீபியனைப் பற்றி எழுதிவிட்டுக் கிரிக்கெட்டைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. 1950-ல் லார்ட்ஸில் இங்கிலாந்தின் 11 விக்கெட்டுகளைச் சாய்த்த டிரினிடாட் பையன். அவருடைய பிறப்புச் சான்றிதழில் பெயரே கிடையாது, ‘பையன்’ என்று மட்டும்தான். இங்கிலாந்துப் பயணத்துக்காக அதிகாரிகளே கே.டி. என்று இரண்டு இனிஷியல்களைச் சேர்த்துவிட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்த இந்தியக் கூலிகளின் வம்சத்துக்குக் காகிதம் தந்த மரியாதை அவ்வளவு.

சரி, உங்கள் கேள்வி. அது பெண்கள் ராஜ்யம் என்று எழுதிவிட்டு வராதீர்கள். திருமதி துளசியின் அதிகாரம் முழுக்க இரண்டு மகன்களுக்காகத்தான். அவர்களைத்தான் பிஸ்வாஸ் ‘சாமிகள்’ என்று கிண்டல் செய்கிறார். பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள் கத்தோலிக்கக் கல்லூரிக்குப் போகலாம், கழுத்தில் சிலுவை தொங்கவிடலாம். ஆசாரம் ஒன்றும் கெடாது. மூத்தவர் கட்டிக்கொண்ட டோரதி கிறிஸ்தவப் பெண். கவுன் குட்டையாக இருந்ததும், கணவரின் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து டிக்கெட் விற்றதும் நாத்தனார்களுக்குக் குலநாசம். நீங்கள் கேட்கும் பண்பாட்டு மோதல் அந்தக் கவுனின் நீளத்தில்தான் நடக்கிறது. இன்னொரு துளசி மகள் சிந்தாவை அவள் கணவன் கோவிந்த் அடிக்க அடிக்க, அவளுக்கு வீட்டில் மரியாதை கூடுகிறது. இதைப் படித்து நான் முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை.

ஷாமா விஷயமும் அப்படித்தான். பிஸ்வாஸ் கிறிஸ்துமஸுக்கு மகள் சவிக்கு ஒரு பொம்மை வீடு வாங்கி வருகிறார். மற்ற பிள்ளைகளுக்கு இல்லாதது இவளுக்கு ஏன் என்று வீடே குத்திப் பேசுகிறது. ஷாமா அதை அடித்து நொறுக்குகிறாள். பலியாடு இதைச் செய்யாது. அக்கா தங்கைகளோடு தினமும் ஒரே அடுக்களையில் நிற்க வேண்டியவள் அவள்தானே?

2011-ல் நைபால் ஒரு பேட்டியில், எந்தப் பெண் எழுத்தாளரும் தனக்குச் சமமில்லை என்றார். காரணமும் சொன்னார்: பெண் ஒரு வீட்டுக்கு முழு எஜமானி அல்ல, அது எழுத்தில் தெரிந்துவிடும். நோபல் வாங்கியவர் சொல்கிற பேச்சா இது? பிஸ்வாஸுக்கு மூலம் அவருடைய அப்பா, பத்திரிகையாளர் சீபர்சாத். மாமியார் வீட்டுக் கூட்டத்துக்குள் அல்லாடிய மனிதர். சாகுவானாஸில் அம்மா வழியாரின் அந்த ‘லயன் ஹவுஸ்’ இன்றும் நிற்கிறது. எந்த வீட்டுக்கும் எஜமானாக முடியாத ஓர் ஆணைப் பற்றி எழுதித்தான் நைபால் பெரிய எழுத்தாளரானார். எஜமானாக இல்லாதது எழுத்துக்குக் கேடு என்றால் இந்த நாவலை யார் எழுதியிருப்பார்கள்? பேட்டி எடுத்தவர் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

பிஸ்வாஸ் கடைசியில் ஷாமாவின் பேச்சைக் கேட்காமல் ஓட்டை வீடு ஒன்றைக் கடன்பட்டு வாங்குகிறார். உடம்பு கெட்டு, பத்திரிகை வேலையும் போகிறது. முன்பென்றால் அம்மா வீட்டுக்கு ஓடியிருப்பாள் ஷாமா. இப்போது, உருளைக்கிழங்கு வாங்கி விற்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறாள். அதற்கும் பிஸ்வாஸ் துளசி ரத்தம் என்று நக்கலடிக்கிறார். ஸ்காலர்ஷிப் பரீட்சைக்காகப் பாலும் உலர்ந்த பிளம் பழமும் கொடுத்து வளர்த்த மகன் ஆனந்த், அப்பா சாகும்போது இங்கிலாந்தில் இருக்கிறான். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, அப்பா கனவிலும் காணாத சம்பளத்துக்கு வேலைக்குப் போகிறவள் சவி.

பரீட்சையில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். விடைத்தாளைத் திருத்துகிறவரும் கைடை எழுதியவரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்புண்டு.