கேள்வி பதில்: ஏழு ஆல்பங்களும் ஒரு வரிசையும்

கோவை வாசகர்: போன இதழில் பிடித்த ராக், மெட்டல் ஆல்பங்கள் எவை என்று கேட்டதற்கு, ‘நிறைய இருக்கின்றன’ என்று மழுப்பிவிட்டீர்கள். பத்து ஆல்பங்களை ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டுச் சொல்லுங்கள். ‘எல்லாமே என் பிள்ளைகள்’ என்று நழுவக் கூடாது.

பதில்: நழுவவில்லை. ஆனால் பத்து வராது, ஏழுதான். எட்டாவது இடத்தில் வாராவாரம் ஆள் மாறுகிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று: முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எதையும் ஓட்டிவிடாமல் கேட்க முடிய வேண்டும். இரண்டு நல்ல பாட்டும் ஆறு சக்கையும் இருந்தால் என் கணக்கில் அது ஆல்பம் இல்லை.

முதலிடம்: பிளாக் சபாத்தின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ (1971). அவர்களின் முந்தைய ஆல்பமான ‘பரனாய்ட்’தானே பெரிய பெயர் என்பீர்கள். பெயர் அதற்கு, இடம் இதற்கு. சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி 17 வயதில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, வலது கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போய்விட்டன. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். கிட்டார் அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் கை கருகி, இரண்டே விரல்களால் ஸோலோ வாசித்தவர் ஜாங்கோ. அப்புறம் அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய தந்திகளைப் போட்டார். மூன்றாவது ஆல்பமான இதில் சில பாட்டுகளுக்குக் கிட்டாரின் சுருதியையே ஒன்றரைக் கட்டை இறக்கிவிட்டார். தந்தி தளர்ந்தால் விரலுக்குச் சுகம். கேட்கிற நமக்கு அது அடிவயிற்றில் வந்து விழுகிறது. பிற்காலத்தில் மெதுவாக, கனமாக வாசித்த மெட்டல் கோஷ்டிகள் எல்லாம் இந்தச் சுருதிக்குக் கடன்பட்டவைதான்.

ஆல்பம் அயோமியின் இருமலோடு ஆரம்பிக்கிறது. எதைப் புகைத்து வந்த இருமல் என்பதை ‘ஸ்வீட் லீஃப்’ (இனிய இலை, அதாவது கஞ்சா) என்ற தலைப்பே சொல்லிவிடும். இவ்வளவு இடிக்கும் நடுவே ‘சாலிட்யூட்’ என்று ஓர் அமைதியான பாட்டு. அதில் வரும் புல்லாங்குழலும் அயோமியேதான். மொத்தமே 34 நிமிடம் சொச்சம். ஒரு வரி மிச்சம் இல்லை.

இரண்டு: டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ (1972). இதில் உள்ள ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டு பிறந்த கதை தெரிந்ததுதான். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ கேசினோவில் ஒலிப்பதிவு செய்யப் போனார்கள். அங்கே ஃப்ராங்க் ஸாப்பாவின் கச்சேரியில் யாரோ ஒருவர் கூரையைப் பார்த்துத் தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கேசினோவே எரிந்துபோனது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய கூத்து. வேறொரு அரங்குக்குப் போய் ராத்திரியில் வாசிக்க, ஊர் தூக்கம் கெட்டு போலீஸ் வந்துவிட்டது. அந்தப் பதிவு முடியும் வரை போலீஸ் உள்ளே வராதபடி ஆட்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் வராந்தாவில் வைத்து முடித்தார்கள். பதிவுக் கருவிகள் வெளியே வண்டியில். வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி தாண்டிப் போக வேண்டும். அலுத்துப்போய்த் திரும்பக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். ‘ஹைவே ஸ்டார்’ பாட்டில் இருக்கும் அந்தத் துணிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

முதல் இரண்டு இடங்கள் அடுத்தடுத்து வந்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. சென்னையில் அப்போது ரெக்கார்டிங் சென்டர்களில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். 90 நிமிட சோனி கேசட்டில் ஒரு பக்கம் சபாத், மறு பக்கம் பர்ப்பிள். சபாத் பக்கத்தில் மிச்சமிருந்த பத்து நிமிடத்தை வீணாக்க மனமில்லாத கடைக்காரர் டிஸ்கோ கோஷ்டியான போனி எம்மை ஏற்றிவிட்டார். இன்றைக்கும் ‘இன்டு தி வாய்ட்’ முடிந்ததும் என் காது ‘ரஸ்புடினு’க்குக் காத்திருக்கிறது.

மூன்று: மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ (1986). எட்டே பாட்டு. தலைப்புப் பாட்டு எட்டரை நிமிடம் ஓடுகிறது. நடுவில் எல்லா வேகமும் அடங்கி, இரண்டு கிட்டார்கள் ஜோடியாகப் பாடும் இடம் வருமே, அதற்காகவே இந்த இடம். வாய்ப்பாட்டே இல்லாத ‘ஓரியன்’ முழுக்க கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிட்டார் ராஜ்யம். ஆல்பம் வந்து ஏழாவது மாதம், ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து 24 வயதில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆல்பத்தில் பேஸ் எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டியிருந்தது. அதனால்தான் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ என் பட்டியலில் இல்லை. பாட்டுகள் நல்ல பாட்டுகள்தான், கலவையில் பாதி உடம்பு இல்லை.

நான்கு: அயர்ன் மெய்டனின் ‘பவர்ஸ்லேவ்’ (1984). இங்கேதான் நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தினேன். ‘தி டூயலிஸ்ட்ஸ்’, ‘பேக் இன் தி வில்லேஜ்’ இரண்டும் சுமார். ஆனால் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கிழ மாலுமிக் கவிதையை எடுத்துக்கொண்டு 13 நிமிடத்துக்கும் மேல் வாசிக்கிறார்களே, அதில் நடுவே காற்று நின்று கப்பலின் மரம் மட்டும் கிறீச்சிடும் இடத்துக்கு இரண்டு சுமார் பாட்டை மன்னிக்கலாம். 2007 மார்ச்சில் இவர்கள் பெங்களூருக்கு வந்தபோது பேலஸ் கிரவுண்ட்ஸில் கறுப்பு டீ-ஷர்ட் கடலில் நானும் நின்றேன். மார்ச் வெயிலில் கறுப்பு உடுத்துவதற்கும் ஒரு பக்தி வேண்டும்.

ஐந்து: ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ (1986). பத்துப் பாட்டு, 29 நிமிடம்கூட முழுதாக இல்லை. கேசட்டின் இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பத்தையே போட்டு விற்றார்கள். திருப்பிப் போட்டால் மறுபடி அதே அடி.

ஆறு: மறுபடியும் சபாத், ‘ஹெவன் அண்ட் ஹெல்’ (1980). பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் போய் ரோனி ஜேம்ஸ் டியோ வந்த முதல் ஆல்பம். ஆஸி பெரும்பாலும் கிட்டார் போகிற வழியிலேயே பின்னால் போவார். டியோ தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டு குறுக்கே வருவார். கோஷ்டியே வேறு ஆளாகிவிட்டது.

ஏழு: லெட் செப்பலினின் பெயரில்லாத நான்காவது ஆல்பம் (1971). ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ பாட்டின் டிரம்ஸுக்காக. பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலே மாடியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தது. அந்த டிரம்ஸுக்கு இன்னும் மேலே வந்திருக்க வேண்டிய ஆல்பம்தான். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ கேட்டுக் கேட்டு எனக்குத் திகட்டிவிட்டது, என்ன செய்ய?

மதுரை வாசகர்: ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இல்லாமல் ஒரு பட்டியலா?

பதில்: அடிக்க வராதீர்கள். பிங்க் ஃபிளாயிட் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் யாரோ ‘உஷ்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதுபோல ஓர் உணர்வு. அதே கோஷ்டியின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்றால் எட்டாவது இடத்துக்கு அடிக்கடி வந்து போகிற ஆள்.

புதுச்சேரி வாசகர்: ஆஸி காலமானதால் சபாத்துக்குப் போட்ட அனுதாப ஓட்டா இது?

பதில்: 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க்கில், தான் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே, ஆசனத்தில் உட்கார்ந்தபடி ஆஸி பாடினார். சபாத்தின் பழைய நால்வரும் 2005க்குப் பிறகு அன்றுதான் ஒன்றாக வாசித்தார்கள். ஜூலை 22 அன்று போய்விட்டார். அன்று சபாத் வாசித்தது நான்கு பாட்டு: ‘வார் பிக்ஸ்’, ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’, ‘பரனாய்ட்’. என் முதலிட ஆல்பத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. அனுதாபம் என்றால் ‘பரனாய்டு’க்குப் போட்டிருப்பேன், அந்த நான்கில் மூன்று பாட்டு அதில்தான் இருக்கிறது. நான் ஓட்டுப் போட்டது அயோமியின் விரலுக்கு.

சேலம் வாசகர்: உங்கள் பட்டியலில் ஏதாவது பொது அம்சம் உண்டா, இல்லை வாய்க்கு வந்த வரிசையா?

பதில்: நல்ல கேள்வி. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்கிறவர்களுக்கு ஒரு பெயர் கண்ணில் படும்: மார்ட்டின் பர்ச். ‘மெஷின் ஹெட்’டின் ஒலிப்பதிவுப் பொறியாளர் அவர்தான். ‘ஹெவன் அண்ட் ஹெல்’, ‘பவர்ஸ்லேவ்’ இரண்டுக்கும் தயாரிப்பாளரும் அவரே. ஏழில் மூன்று! 2020இல் காலமானார். அவர் பதிந்ததில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி இடத்தில் நிற்கும், ஆனால் எல்லாம் ஒரே அறையில் இருக்கும். கிட்டாரிஸ்ட் பெயரைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம்.

திருநெல்வேலி வாசகி: பத்தாவது படிக்கும் என் மகன் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் காட்டுக்கத்தலைத்தான் கேட்கிறான். சட்டையில் மண்டை ஓடு வேறு. கெட்டுப்போய்விடுவானோ?

பதில்: அம்மா, மண்டை ஓட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது, அதைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த, சபாத்தின் பேஸ் கிட்டாரிஸ்ட் கீஸர் பட்லர் எழுதிய வரிகள். கடவுளை நம்பு, கேலி பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்காதே என்பதுதான் சாரம். கோயில் வாசலில் பாடலாம். மெய்டன் கேட்டு ஒரு கவிதையாவது தேடிப் படித்த பையன்களை எனக்குத் தெரியும். நீங்கள் கவலைப்பட வேண்டியது ஒலியின் அளவைப் பற்றி மட்டும். ஹெட்போனைப் பாதிக்குமேல் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காது போனால் வராது. ‘ஸ்வீட் லீஃப்’ வரும்போது மட்டும் பக்கத்தில் உட்காருங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: இதில் எதையும் நான் கேட்டதில்லை. ஆப்பில் தேடினால் ஒரே ஆல்பத்துக்கு ஐந்து பதிப்பு வருகிறது. எதைப் போடுவது?

பதில்: ‘மெஷின் ஹெட்’டிலிருந்து தொடங்குங்கள். ஏழு பாட்டு இருக்கிற பதிப்பைப் பாருங்கள், அதற்கு மேல் இருப்பதெல்லாம் பின்னால் ஒட்டியது. ஷஃபிளை அணைத்துவிடுங்கள். டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனைக் கிட்டார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் விட்டு வாசிப்பார். முதல் தடவை எது கிட்டார், எது ஆர்கன் என்று குழம்பினால் சரியாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். ஸ்லேயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை வாசகி: உங்கள் வீட்டில் இந்த வரிசையை ஒப்புக்கொள்கிறார்களா?

பதில்: வீட்டம்மாவுக்கு ‘சாலிட்யூட்’ பிடிக்கும். மீதிக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டார்.